மாஸ்ரர் வீட்டுப் பேணி

அரியநாயகம்: கோவிக்காமல் சொல்லும் மாஸ்ரர். நீர் புல்லுச் சாப்பிடுறனீரோ?

சிவகுரு: என்ன கேட்டனீர்?

அரியநாயகம்: புல்லு. வெட்டையிலை முளைக்கிறது. பச்சையாயோ, காயவைச்சோ...

சிவகுரு: அப்போதிக்கரியார், இருபத்திரண்டு வரியமாய் நான் இந்த நெடுந்தீவிலை கணக்குப் படிப்பிக்கிறன். பள்ளிக்கூடம் விட்ட கையோடை, பெண்சாதி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உடனை மருந்துச்சாலைக்கு வாரும் எண்டு ஆள் அனுப்பினனீர். வந்தால், கேக்கிற கேள்வியோ உது?

சறோஜினிதேவி: ஐயா பகிடிக்குக் கேக்கிறார் போலை...

அரியநாயகம்: பகிடியில்லைத் தங்கச்சி. போன மாதம் வீட்டுக்கு ஒண்டாய்ச் சின்னத் தகரப் பேணி குடுத்தனாங்கள் எல்லே? வயித்திலை பூச்சி இருக்கோ எண்டு சோதிக்க, வீட்டிலை ஆரும் ஒராளின்ரை மலம் வைச்சுத் தரச்சொல்லி. உங்கடை பேணிக்கு யாழ்ப்பாணத்திலை இருந்து மறுமொழி வந்திருக்கு. இந்தா, கடுதாசி கையிலைதான் கிடக்கு. "சிவகுரு ஆசிரியர் வீடு. பேணிக்குள் இருந்தது முக்கால்வாசியும் புல்லு."

சிவகுரு: ...கீரையாயிருக்கும்.

அரியநாயகம்: கீரை இல்லையாம்.

சிவகுரு: நாங்கள் சைவச் சாப்பாடு. முருங்கையிலை, முசுட்டை, பொன்னாங்காணி எண்டு ஒவ்வொருநாளும் ஏதாவது...

அரியநாயகம்: வேகாத புல்லு எண்டு எழுதியிருக்கினம். சப்பின புல்லு.

சிவகுரு: அப்ப அறுகம்புல்லுத்தான். விடிய வெறும் வயித்திலை சாறு குடிக்கிறனான். ரத்தத்துக்கு நல்லம்.

சறோஜினிதேவி: எப்ப குடிச்சனீங்கள்?

சிவகுரு: நீர் பேசாமல் இரும்.

அரியநாயகம்: எவ்வளவு புல்லு?

சிவகுரு: ஒரு பிடி... ரெண்டு பிடி.

அரியநாயகம்: இதிலை சொல்லியிருக்கிற அளவுக்கு ஒரு கட்டு வேணும் மாஸ்ரர். என்னெண்டு எழுத? நாளுக்கு ஒரு கட்டு எண்டு எழுதட்டோ?

சிவகுரு: ...எழுதும்.

சறோஜினிதேவி: இஞ்சாருங்கோ, ஊர் சிரிக்கப்போகுது.

சிவகுரு: ஒரு கட்டு எண்டு எழுதும் எண்டிறன். ஒரு மனுசன் புல்லுச் சாப்பிடக்கூடாது எண்டு சட்டம் கிடக்கோ?

அரியநாயகம்: இல்லை. சரி, எழுதியாச்சு. புல்லு முடிஞ்சுது. இனி முட்டை.

சிவகுரு: முட்டை நாங்கள் கையாலையும் தொடுறேல்லை.

அரியநாயகம்: கோழி முட்டை இல்லை. பூச்சி முட்டை.

சிவகுரு: எங்கடை வீட்டிலை பூச்சி இல்லை.

அரியநாயகம்: மனுசரிலை இருக்கிற பூச்சி இல்லைத்தான். இது குதிரையிலை இருக்கிற பூச்சியாம்.

சிவகுரு: எங்கை, அந்தக் கடுதாசியைத் தாரும் பாப்பம்.

அரியநாயகம்: அரசாங்கக் கடுதாசி. ஆருக்கும் காட்டக்கூடாது. மாஸ்ரர், மனுசப் பூச்சி எண்டால் என்னட்டைக் குளிசை கிடக்கு. நிறையைப் பாத்து, வயசைப் பாத்துத் தந்திருப்பன். குதிரைப் பூச்சிக்கு என்னட்டை ஒண்டும் இல்லை. மிருக வைத்தியர்தான் வரவேணும். வாற திங்கட்கிழமை வள்ளத்திலை அவரைக் கூப்பிடலாம் எண்டு யோசிக்கிறன்.

சிவகுரு: மிருக வைத்தியர் வந்து...

அரியநாயகம்: மூக்காலை குழாய் விட்டு ஒரு வாளி மருந்து ஊத்துறதாம். துள்ளாமல் ரெண்டுபேர் பிடிக்கவேணுமாம். கரையிலை இருக்கிற வள்ளக்காரன் பிலிப்பை வந்து பிடிக்கச் சொல்லலாம், நல்ல பலசாலி...

சிவகுரு: பிலிப்பு ஏன்? பிலிப்பு உமக்கு என்ன சொன்னவன்?

அரியநாயகம்: நான் பிடிக்கிறதுக்கு ஆள் சொன்னன். நீர் ஏன் வேர்க்கிறீர்?

சறோஜினிதேவி: போதும். சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுவன்.

சிவகுரு: உமக்கு என்ன தெரியும்?

சறோஜினிதேவி: பேணியைச் சட்டைப் பையுக்கை வைச்சுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனது தெரியும். வந்து கையைச் சவுக்காரம் போட்டு நாலுதரம் கழுவினதும் தெரியும். வீட்டிலை ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்காமல் பேணி நிரம்பினது எப்பிடி எண்டு எனக்கு யோசிக்கத் தெரியாதோ?

அரியநாயகம்: இரும் மாஸ்ரர். அந்தக் கதிரையிலை இரும். தண்ணி வேணுமோ?

சிவகுரு: வேண்டாம். அப்போதிக்கரியார், அந்தப் பேணியளைப் பள்ளிக்கூடத்தாலை பங்கிட்டது ஆர்? நான். பெற்றார் கூட்டத்திலை எழும்பி நிண்டு, வயித்திலை பூச்சி இருக்கிறது வறுமையாலை இல்லை, ஒழுக்கம் இல்லாததாலை எண்டு சொன்னது ஆர்? நான். பெடியளின்ரை நகத்தைப் பாத்து அடிமட்டத்தாலை அடிச்சதும் நான். பூச்சி இல்லாத வீடுகள் எண்டு பள்ளிக்கூடச் சுவரிலை ஒரு பட்டியல் போட்டு, முதல் பேர் என்ரை பேரை எழுதினனான்.

அரியநாயகம்: சோதிக்க முந்தியோ?

சிவகுரு: முந்தித்தான். அதுதானே பிழை. பேணி குடுக்கிற அண்டு விடிய, எங்கடை லோசினி கிணத்தடியிலை குந்தியிருந்து மண் திண்டுகொண்டிருந்தாள். ஏழு வயசுப் பிள்ளை. முகம் சுண்ணாம்பு மாதிரி. எனக்கு விளங்கிப்போச்சு. வீட்டுப் பேணியைக் குடுத்தால் என்ன வரும் எண்டு கணக்குப் போட்டுப் பாத்தன். அந்தப் பட்டியலை என்ரை கையாலையே அழிக்கவேண்டி வரும்.

அரியநாயகம்: அதாலை பிலிப்பிட்டைப் போனனீர்.

சிவகுரு: இந்தத் தீவிலை அவனை மாதிரி உடம்பு உள்ளவன் ஆர் இருக்கிறான்? வள்ளத்தைத் தனிச்சு இழுத்துக் கரையிலை ஏத்துறவன். இவனுக்குள்ளை பூச்சி இருக்கவே இருக்காது எண்டு நினைச்சன். விஷயத்தைச் சொல்லிப் பேணியை நீட்டினன். ஒரு சொல்லுத் திருப்பிக் கதைக்கேல்லை. ஓம் மாஸ்ரர் எண்டு வாங்கிக்கொண்டு கல்வேலிக்குப் பின்னாலை போனவன். கொஞ்சநேரத்தாலை மூடி இறுக்கிக் கொண்டுவந்து தந்தவன். நன்றி சொல்லிக் கைகூடக் குடுத்தனான்.

சறோஜினிதேவி: அதுதான் நாலுதரம் கழுவினது.

அரியநாயகம்: மாஸ்ரர், பிலிப்பின்ரை மூத்தவன் உம்மடை வகுப்பிலைதானே?

சிவகுரு: ஓம்.

அரியநாயகம்: படிப்பிக்கிற வாத்தியார் வந்து ஒண்டு கேக்கேக்கை இல்லை எண்டு சொல்ல அவனுக்கு வாய் வருமோ? அவன் விடியப்புறமே கடலுக்குப் போற ஆள். நீர் போன நேரத்துக்கு அவனிட்டைக் குடுக்க ஒண்டும் இருந்திராது. கல்வேலிக்குப் பின்னாலை என்ன நிக்கிறது?

சிவகுரு: வெட்டை. கட்டாக்காலியாய் மேயிற குதிரையள்...

அரியநாயகம்: ம்.

சிவகுரு: அப்ப அது பிலிப்பின்ரையும் இல்லையோ?

அரியநாயகம்: இல்லைப் போலை.

சிவகுரு: நான் அவனை நம்பினனான் அப்போதிக்கரியார். இப்பிடியும் ஒருத்தன் ஏமாத்துவானோ?

சறோஜினிதேவி: ஏமாத்துறதைப்பற்றி நீங்கள் கதையாதேங்கோ.

அரியநாயகம்: சரி, அறுகம்புல்லை வெட்டிவிடுறன். குதிரையும் போகட்டும். இனித்தான் நான் உங்களைக் கூப்பிட்ட விஷயம்: பேணி மாத்தின வீட்டிலை ஆரோ சுகமில்லாமல் இருக்கவேணும். பிள்ளை ஏன் வாசலிலை நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா? உள்ளுக்கை வரச்சொல்லுங்கோ.

சறோஜினிதேவி: லோசினி, இஞ்ச வாங்கோ. மெல்ல... மெல்ல.

அரியநாயகம்: இதென்ன நடை?

சிவகுரு: நேற்றையிலை இருந்து இப்பிடித்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகக் கள்ளம் அடிக்கிறாள் எண்டு நினைச்சன்.

அரியநாயகம்: கள்ளத்துக்கு நடக்கிற நடை இல்லை இது. பிள்ளை, இந்த நிறை பாக்கிற பலகையிலை ஏறி நில்லுங்கோ. நான் பிடிச்சிருக்கிறன். என்ன செய்யுது? ...காதுக்குள்ளை சொல்லுங்கோ.

சறோஜினிதேவி: என்ன சொல்லுறா ஐயா?

அரியநாயகம்: வள்ளத்திலை நிக்கிறமாதிரிக் கிடக்காம். முப்பத்தாறு இறாத்தல்... ஏழு வயசுக்குக் காணாது. கண்மடலைப் பாருங்கோ, ரத்தமே இல்லை. மாஸ்ரர், இப்ப பொய் சொல்லாதையும். பிள்ளைக்கு என்ன குடுத்தனீர்?

சிவகுரு: ஒண்டும்...

சறோஜினிதேவி: பூச்சிப் பாணி மருந்து குடுத்தவர் ஐயா. போன கிழமை கூப்பன் புத்தகம் மாத்தப் பட்டணத்துக்குப் போனநேரம் ஒரு போத்தில் வாங்கிக்கொண்டு வந்தவர்.

அரியநாயகம்: எவ்வளவு குடுத்தனீர்?

சிவகுரு: போத்திலிலை எழுதியிருந்த அளவுதான். மேசைக்கரண்டியாலை ரெண்டு.

அரியநாயகம்: அது ஆருக்குச் சொன்ன அளவு?

சிவகுரு: ...வளந்த ஆக்களுக்கு.

அரியநாயகம்: பிள்ளையளுக்கு எண்டு கீழை எழுதியிருக்கேல்லையோ?

சிவகுரு: எழுதியிருந்தது. நான் அதை யோசிச்சுத்தான் செய்தனான். மருந்து குடுக்கிறது பிள்ளைக்கு இல்லை, பூச்சிக்கு. பூச்சிக்குத் தெரியுமோ தான் இருக்கிறது ஏழு வயசு வயித்திலையோ நாப்பது வயசு வயித்திலையோ எண்டு? ஒரே பூச்சிக்கு ஒரே மருந்துதானே. கணக்குச் சரியாய்த்தான் வந்தது.

அரியநாயகம்: கணக்குச் சரி. பிள்ளையைக் கணக்கிலை சேர்க்க மறந்துபோனீர். பூச்சிக்குக் குடுக்கிற மருந்து பிள்ளையின்ரை உடம்புக்குள்ளாலைதானே போகவேணும்? எத்தினை தரம் குடுத்தது?

சிவகுரு: காலமையும் பின்னேரமும்... ரெண்டுநாள். முதல்நாள் ஒண்டும் விழேல்லை. அதாலை அடுத்தநாள் கரண்டியைக் கொஞ்சம் நிறைச்சு...

சறோஜினிதேவி: சாப்பாடும் குடுக்கவிடேல்லை ஐயா. வெறும் வயித்திலை ஆமணக்கெண்ணெயும் பருக்கினவர். பிள்ளை மூண்டுதரம் சத்தி எடுத்தவள்.

அரியநாயகம்: கடைசியாய் எப்ப குடுத்தது?

சறோஜினிதேவி: முந்தநாள் பின்னேரம். நேற்றுக் காலமை இவர் கரண்டியை எடுக்க, நான் போத்திலைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னாலை கோடிக்கை ஊத்திப்போட்டன்.

சிவகுரு: முடிஞ்சுபோச்சு எண்டெல்லே சொன்னனீர்?

சறோஜினிதேவி: முடிஞ்சதுதான். நான் ஊத்த முடிஞ்சுது.

அரியநாயகம்: நல்ல காரியம் செய்தீர் தங்கச்சி. வலிப்பு வந்ததோ? கை கால் இழுத்ததோ?

சறோஜினிதேவி: இல்லை ஐயா. நேற்று எழும்பி நிக்கவே ஏலாமல் கிடந்தவள். இண்டைக்குப் பிடிச்சுப் பிடிச்சு நடக்கிறாள்.

அரியநாயகம்: தண்ணி குடிக்கிறாவோ? சலம் போகுதோ?

சறோஜினிதேவி: குடிக்கிறாள், சலமும் போகுது. இண்டைக்கு மத்தியானம் கொஞ்சம் சோறும் திண்டவள்.

அரியநாயகம்: பிள்ளை, என்ரை விரலைப் பாருங்கோ. இப்ப இந்தப் பக்கம்... ஓம். உங்கடை மூக்கைத் தொடுங்கோ. சரி... பயப்பிட வேண்டாம். இது மருந்து மிஞ்சினதாலை வந்த தள்ளாட்டம். குறைஞ்சுகொண்டு வருது. ஆனாலும் இண்டைக்கு அவ இஞ்ச, என்ரை கண்ணுக்கு முன்னாலை இருக்கட்டும். கூடினால் உடனை வள்ளம் பிடிச்சு யாழ்ப்பாணம் கொண்டுபோவம்.

சிவகுரு: அப்போதிக்கரியார்... பிள்ளைக்கு ஒண்டும் ஆகாதே?

அரியநாயகம்: இன்னும் ரெண்டுநாள் தொடர்ந்து குடுத்திருந்தால் என்ன நடந்திருக்குமோ எனக்குச் சொல்லத் தெரியாது. வள்ளம் ஓடாத காத்து நாளாயிருந்தால்... நான் இதைச் சொல்லவே விரும்பேல்லை.

சிவகுரு: நான் அவளைக் குணப்படுத்தத்தான் பாத்தனான். உம்மட்டை வந்தால் பேர் எழுதுவீர். எழுதினால் வெளியாலை வரும்...

அரியநாயகம்: தெரியும். இரும். அழாதையும், பிள்ளை பாக்குது.

சறோஜினிதேவி: இனி என்ன செய்யிறது ஐயா? அந்தப் பூச்சியள் போயிருக்குமோ?

அரியநாயகம்: அதுதான் அடுத்த சிக்கல். அந்தப் பாணி நீட்டு நீட்டாய் விழுகிற பூச்சிக்குத்தான் நல்லது. இந்தப் பிள்ளை வெளிறியிருக்கிறதையும் மண் தின்னுறதையும் பாத்தால், கொழுக்கிப் புழுவோ எண்டு எனக்கு ஐமிச்சம். குடலிலை கொழுவிக்கொண்டு ரத்தம் குடிக்கிற சாதி. அதுக்கு அந்தப் பாணி கேக்காது. குளிசை வேறை.

சிவகுரு: அப்ப நான் குடுத்தது பிழையான அளவு மாத்திரம் இல்லை...

அரியநாயகம்: பிழையான மருந்தாயும் இருக்கலாம். எந்தப் பூச்சி எண்டு தெரிஞ்சுதான் குடுக்கவேணும். பேணி கேட்டது உம்மை வெக்கப்படுத்த இல்லை மாஸ்ரர், இதுக்குத்தான். முதல் பிள்ளை தள்ளாட்டம் இல்லாமல் நடக்கவேணும். அதுமட்டும் ஒரு பூச்சி மருந்தும் வேண்டாம், பேதியும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். கஞ்சி குடுங்கோ, பால் குடுங்கோ. சத்தி நிண்டாப்பிறகு ரத்தம் ஊற ஒரு மருந்து தாறன். அது சாப்பாட்டுக்குப் பிறகு. வெளிக்குக் கறுப்பாய்ப் போகும், பயந்துபோய் நிப்பாட்டிப்போடாதேங்கோ.

சறோஜினிதேவி: சரி ஐயா.

அரியநாயகம்: பிறகு குளிசை தரேக்கை உங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் யோசிக்கவேணும். ஒரே வளவிலை வெறுங்காலோடை நடக்கிற நீங்கள். அவவை மாத்திரம் சுகப்படுத்தினால் திரும்ப வரும். தங்கச்சி, கேக்கிறன் எண்டு குறை நினையாதையும். வயித்திலை ஒண்டும் இல்லையே? இருந்தால் அந்தக் குளிசை தரமாட்டன்.

சறோஜினிதேவி: இல்லை ஐயா.

அரியநாயகம்: நாள் தள்ளினால் குளிசை விழுங்க முந்தி வந்து சொல்லவேணும். பிள்ளைக்குச் செருப்பு ஒண்டு வாங்குங்கோ. வளவுக்கை வெளிக்கு இருக்கிறதை விட்டிட்டுக் கக்கூசுக்குப் பழக்குங்கோ. கக்கூஸ் இருக்குத்தானே?

சறோஜினிதேவி: இருக்கு. இவர் அதுக்குள்ளை பள்ளிக்கூடத்துக் கொப்பியள் அடுக்கி வைச்சிருக்கிறார்.

அரியநாயகம்: மாஸ்ரர்...

சிவகுரு: இண்டைக்கே எடுக்கிறன். நாளைக்குப் பள்ளிக்கூடச் சுவரிலை என்ரை பேரையும் வெட்டிவிடுறன்.

அரியநாயகம்: பேரை வெட்டவேண்டாம், அந்தப் பட்டியலையே எடுத்துவிடும். அது சுவரிலை கிடக்கும்வரைக்கும் இந்த ஊரிலை ஒரு தாயும் பிள்ளையைத் துணிஞ்சு இஞ்ச கொண்டுவரமாட்டா. இனி ஒரு புதுப்பேணி தாறன். பிள்ளையின்ரை, உண்மையான...

சறோஜினிதேவி: ஐயா, ஒண்டு கேக்கவேணும். நீங்கள் பேணியள் சேர்த்த பெட்டியிலை "செல்லக்கிளி, வயசு ஏழு" எண்டு ஒரு பேணி இருந்ததோ?

அரியநாயகம்: ...செல்லக்கிளியோ?

சிவகுரு: ஆர் செல்லக்கிளி? எங்கடை பள்ளிக்கூடத்திலை அப்பிடி ஒரு பிள்ளை இல்லையே.

சறோஜினிதேவி: இல்லை. லோசினிதான் அது. நீங்கள் பேணியோடை கடற்கரைக்குப் போன அண்டே, நான் பிள்ளையின்ரையை ஒரு பவுடர் பேணியிலை எடுத்தனான். பேரைப் பாத்தால் நீங்கள் கண்டுபிடிச்சுப்போடுவியள் எண்டு, இடக்கையாலை வேறை பேர் எழுதி, இஞ்ச விறாந்தையிலை இருந்த பெட்டிக்கை, ஒருத்தரும் இல்லாத நேரம் வைச்சிட்டுப் போனனான். மருந்து வந்தால் இவருக்குத் தெரியாமல் வாங்கிக் குடுக்கலாம் எண்டு. ஒரு மாதமாய்க் காத்துக்கொண்டிருக்கிறன். செல்லக்கிளியை அப்போதிக்கரி ஐயா தேடுறார் எண்டு ஆரும் சொல்லமாட்டினமோ எண்டு, கடைக்குப் போறநேரம் எல்லாம் காதைக் குடுத்துக்கொண்டு நிக்கிறன்.

சிவகுரு: சறோ... நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?

சறோஜினிதேவி: எந்த நேரம் சொல்லுறது? பெற்றார் கூட்டத்துக்கு முன்னமோ, பின்னமோ? ஐயா, இவரின்ரை பேணிக்கு மறுமொழி வந்திருக்கு எண்டால், என்ரைக்கும் வந்திருக்கவேணும். என்ன எழுதியிருக்கினம்? ஒளிக்காமல் சொல்லுங்கோ.

சிவகுரு: சொல்லும் அப்போதிக்கரியார். குதிரைப் பூச்சியை எனக்கு முகத்துக்கு முன்னாலை வாசிச்சனீர். என்ரை பிள்ளையின்ரையையும் வாசியும்.

அரியநாயகம்: தங்கச்சி... செல்லக்கிளிக்கு ஒண்டும் எழுதேல்லை. ஒருத்தருக்கும் ஒண்டும் எழுதேல்லை. இது கரம்பொனிலை இருக்கிற என்ரை அக்கா, மகளின்ரை கலியாணப் பேச்சைப்பற்றிப் போட்ட கடுதாசி. பேணியள் யாழ்ப்பாணமே போகேல்லை. ஒருத்தரையும் தொடவிடாமல் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனனான். குறிகட்டுவான் துறையிலை வள்ளத்தாலை இறங்கேக்கை கால் சறுக்கி, நூற்றிப் பதினாலு பேணியும் நானும் கடலுக்கை. என்னை மாத்திரம்தான் தூக்கி எடுத்தவை. மேலிடத்துக்கு அறிவிக்கப் பயந்து, ஒரு மாதமாய் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு சாட்டுச் சொல்லித் திரும்பப் பேணி குடுத்துக்கொண்டு திரியிறன். குதிரைச் சங்கதியை நேற்றுப் பின்னேரம் பிலிப்பு தானாய் வந்து, மனம் கேளாமல் சொல்லிப்போட்டுப் போனவன். செல்லக்கிளியின்ரை மறுமொழிக்கு நீர் காத்திருந்த ஒரு மாதமும் என்ரை பிழை தங்கச்சி. நாளைக்கு விடிய லோசினியின்ரையை அவவின்ரை பேரிலை கொண்டுவாரும். மாஸ்ரர், உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன், இந்தமுறை பெட்டியை நீர் கொண்டுபோய்க் குடும்.